விரித்தால் மூடாத சமையல் புத்தகம்

போன ஞாயிறு காலை, பசியாறி முடித்த கையோடு, அத்தையின் ஆட்டுக்கல் மேல் புத்தகத்தை விரித்து வைத்தேன். 53ஆம் பக்கம், நெத்திலிச் சம்பால். கையை எடுத்தேன். மூடிக்கொள்ளவில்லை. மேலே காற்றாடியைச் சுற்றவிட்டேன். தாள் லேசாக எழுந்து படபடத்துவிட்டு அப்படியே படுத்தது. ஏழு மாதம் இதற்காகத்தான் மாரடித்தேன்.

விஷயம் இதுதான். மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில், எங்கள் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் அத்தை 20 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே, வருகிற போகிற பெண்களிடம் கேட்டு ஒரு பள்ளிக்கூட நோட்டில் சமையல் குறிப்புகளை எழுதி வைத்திருந்தார். மொத்தம் 41. இடையிடையே யார் வீட்டில் என்ன விசேஷம், எந்த மாதம் மழையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டு நின்றது, கடையில் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் இருக்கும். சமையல் நோட்டா நாட்குறிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதைப் புத்தகமாக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அத்தை ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“கடைப் புத்தகம் மாதிரி பண்ணாதடா. கை மாவா இருக்கும்போது தானா மூடிக்கும். பூரிக்கட்டைய மேல தூக்கி வெக்கணும்.”

நான் எண்ணெய்ப்பனை ஆலையில் பராமரிப்பு வேலை பார்ப்பவன். புத்தகம் கட்டிப் பழக்கமில்லை. 30 படிகள் என்று முடிவு செய்து இறங்கினேன்.

முதல் இடி அளவிலேயே விழுந்தது. நோட்டில் எல்லாமே ‘ஒரு பால் டின்’, ‘ஒரு கோப்பை’. சும்மா தட்டச்சு செய்யக்கூடாது, ஒவ்வொன்றையும் சமைத்துப் பார்க்க வேண்டும் என்று என் மனைவி சொன்னாள். கேசரியில் தொடங்கினோம். ரவை ஒரு டின், தண்ணீர் இரண்டு கோப்பை. அத்தையின் எனாமல் கோப்பை இன்னும் இருக்கிறது; நிரப்பி அளந்தால் 350 மில்லி. டின்னுக்கு வீட்டில் இருந்த பால் டின்னைக் கழுவி எடுத்தோம். கேசரி சுண்ணாம்புக் கட்டி மாதிரி வந்தது. இரண்டாவது தடவையும் அப்படித்தான். அத்தை ருசி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பெரிய அவமானம்.

விடை என் பட்டறையிலேயே இருந்தது. அப்பா ஆணி போட்டு வைத்திருந்த துருப்பிடித்த டின் ஒன்று, பழைய 14 அவுன்ஸ் பால் டின். ஆணியைக் கொட்டித் தண்ணீர் ஊற்றி அளந்தேன், 305 மில்லி. இப்போது கடையில் வாங்குகிற 500 கிராம் டின்னில் 385 மில்லி பிடிக்கிறது. தண்ணீரையும் டின்னிலேயே அளந்திருந்தால் பிழைத்திருக்கும். தண்ணீர் பழைய கோப்பையில், ரவை புது டின்னில் என்றால் எப்படிச் சேரும்? அதன்பின் டின் என்று வந்த இடத்திலெல்லாம் எடை போட்டு கிராமில் எழுதினோம். ரவை என்றால் சுமார் 200 கிராம், அரிசி என்றால் 255. ‘டின்’ என்ற சொல்லை மட்டும் எடுக்கவில்லை. பக்கத்தில் சிறிய எழுத்தில் அதுவும் இருக்கிறது.

இறைச்சிக்குக் கட்டி என்ற பழைய எடைக் கணக்கு. ‘அரைக் கட்டி ஆட்டிறைச்சி’ என்பதை என் மகள் ‘ஆட்டிறைச்சி, கட்டிகளாக வெட்டியது’ என்று தட்டச்சு செய்திருந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவள் பிறந்ததே கிலோ காலத்தில். ஒரு கட்டி என்பது 16 தாயில், ஏறக்குறைய 605 கிராம். பாதி என்றால் 300 என்று போட்டோம்.

அளவைக் கூட சரிக்கட்டிவிடலாம். ஆப்பத்தில்தான் வேறு மாதிரிச் சிக்கல். நோட்டில் ‘மாவு புளிக்க காலைக் கள்ளு அரை கிளாஸ்’ என்று எழுதியிருந்தது. தென்னம்பாளையைச் சீவி இறக்கியதும் கள் புளிக்கத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது இனிப்பாக இருக்கும், பின்னேரம் வெறி ஏறும், மறுநாள் காடிக்குத்தான் ஆகும். அதனால்தான் அத்தை ‘காலை’ என்று குறித்திருக்கிறார். இன்றைக்கு அந்தக் காலைக் கள்ளுக்கு எங்கே போவது? நாலைந்து தடவை மாற்றிப் பார்த்தோம். கடைசியில் 100 மில்லி இளநீரில் ஒரு தேக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி ஈஸ்ட் போட்டு அரைமணி நேரம் நுரைக்க விட்டுக் கலந்தால் ஓரளவு வருகிறது. மணம் வராது. அதைப் புத்தகத்திலும் எழுதியிருக்கிறேன், யாரையும் ஏமாற்ற வேண்டாம் என்று.

அந்தப் பக்கத்தைப் போடுவதா வேண்டாமா என்று வீட்டில் ஒரு வாரம் சண்டை நடந்தது. கள் இங்கே வெறும் புளிப்பு மாவுச் சமாச்சாரம் இல்லை. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. 1947இல் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்ததும், போலீஸ் புகுந்ததும், உயிர் போனதும் எங்கள் பீடோங் பக்கம்தான். ஹார்வர்ட் தோட்டத்தின் பெயரை இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். அத்தையின் அப்பா சம்பள நாளில் கள்ளுக்கடை வழியாகத்தான் வீட்டுக்கு வருவாராம். நான் தயங்கிக்கொண்டிருந்தேன். அத்தைதான் முடித்து வைத்தார். “எங்கப்பா குடிச்சது ஆம்பளைங்க கணக்கு. ஆப்பத்துக்கு ஊத்தினது எங்கம்மா கணக்கு. ரெண்டையும் எழுது.” எழுதினேன். ஆப்பக் குறிப்பு ஒன்றரைப் பக்கம், கள்ளுக்கடை இரண்டு பக்கம்.

அப்புறம் அச்சு. பக்கம் ஏ5, அதாவது ஏ4 தாளைப் பாதியாக மடித்த அளவு. எழுத்து 14 புள்ளி. 12 போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுப்புக்கு முன்னால் நின்று, ஒரு கை தூரத்தில் வைத்து, கண்ணாடி இல்லாமல் படித்துப் பார்த்தபோது போதவில்லை. நான்கு தாளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்தால் 16 பக்கம் கொண்ட ஒரு கட்டு. ஆறு கட்டு, 96 பக்கம், ஒரு புத்தகத்துக்கு 24 தாள்.

முதல் நான்கு படிகள் குப்பைக்குப் போயின. இருபுற அச்சில் தாளை எந்த விளிம்பில் திருப்புவது என்று ஒரு தேர்வு இருக்கிறது. நீள விளிம்பைத் தேர்ந்துவிட்டேன். மடித்துப் பார்த்தால் ஒரு பக்கம் நேராக, மறுபக்கம் தலைகீழாக. இப்படி மடிக்கிற புத்தகத்துக்குக் குட்டை விளிம்பில்தான் திருப்ப வேண்டும். ஒரு படி மட்டும் எடுத்துப் பார்த்திருக்கலாம், நான்கு எடுத்தது திமிர். ஏ4 தாளின் இருபுறமும் எண்ணினால் 192 பக்கம், பக்கத்துக்கு ஐந்து காசு, ஒன்பது வெள்ளி (ரிங்கிட்) அறுபது காசு போச்சு.

சரியாக அச்சான ஐந்தாவது படியைத் தைத்தேன். அழகாகவே இருந்தது. ஆட்டுக்கல் மேல் விரித்தேன், கதவு மாதிரி மூடிக்கொண்டது. தையலை இளக்கிப் பார்த்தேன், இறுக்கிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு வாரம் தையலையே திட்டிக்கொண்டிருந்தேன். குற்றவாளி தாள். காகிதத்துக்கும் மரப்பலகை மாதிரி இழை ஓட்டம் உண்டு. கையில் பிடித்து லேசாக வளைத்தால் ஒரு பக்கம் சுலபமாக வளையும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். அந்த ஓட்டம் புத்தகத்தின் முதுகுக்கு இணையாக இருந்தால்தான் தாள் சுலபமாக வளைந்து விரியும். நான் வாங்கிய ஏ4 தாளில் ஓட்டம் நீளவாக்கில். அதைப் பாதியாக மடித்தால் முதுகுக்குக் குறுக்கே போய்விடுகிறது.

பட்டணத்தில் ஏ3 தாள் கட்டு ஒன்றைப் பிரிக்கச் சொல்லி, கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை என்று வளைத்துப் பார்த்தேன். நீளவாக்கு ஓட்டம். அதை நடுவில் வெட்டினால் கிடைக்கிற ஏ4இல் ஓட்டம் குறுக்குவாக்கில் வரும், மடித்தால் முதுகோடு போகும். 500 தாள் 34 வெள்ளி. எனக்கு வேண்டியது 360. கடையிலேயே பெரிய வெட்டு இயந்திரத்தில் வெட்டித் தந்தார்கள், ஐந்து வெள்ளி. அன்றைக்கு மாலையே ஒரு படி தைத்தேன். பாதி தூரம் விரிந்து நின்றது. மிச்சம் பாதி பசையில் இருக்கிறது என்று தெரிந்தது.

பசைக் கதையைச் சொன்னால் ஆலையில் இன்னும் சிரிக்கிறார்கள். மச்சான் ஒருவர் சொந்தமாக மூன்று ஏக்கர் ரப்பர் வைத்திருக்கிறார். “பால் இருக்கும்போது பசைக்கு எதுக்குக் காசு?” என்றார். யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. காலை எட்டரைக்கு, மரத்தில் கட்டியிருக்கும் மங்குக் கிண்ணத்திலிருந்து அரைப் போத்தல் பால் பிடித்து வந்தேன். உறைவதற்குள் வேலையை முடிக்க வேண்டும், அமோனியா கலக்கவில்லை. தூரிகையால் முதுகில் இரண்டு பூச்சு. மதியத்துக்குள் காய்ந்து மஞ்சள் கண்ணாடி மாதிரி ஆனது. விரித்தேன். பட்டுப்போல் விரிந்து படுத்தது! மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன், அத்தைக்குப் போன் போட்டேன்.

மூன்றாம் நாள் வாடை வந்தது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஒட்டுப்பால் வாளிக்குள் தலையை விட்ட மாதிரி. இரண்டாம் வாரம் ஓரத்தில் பச்சைப் பூஞ்சணம். அந்தப் படியை எறியாமல் ஜன்னலோரம் வைத்திருந்தேன், என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று. இரண்டு மாதத்தில் பழுப்பாகி, தொட்டால் விரலில் பிசுபிசுவென ஒட்டியது. பிள்ளைகள் அதற்கு ‘நாறப் புத்தகம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அடுத்து மைதாப் பசை. ஒரு பங்கு மாவு, ஐந்து பங்கு தண்ணீர், கட்டி தட்டாமல் கிண்டிக் காய்ச்சியது. தாளுக்கு அதைவிட நல்ல பசை கிடையாது. ஆனால் ராமபாணப் பூச்சிக்கும் அது விருந்து. அந்தக் காலத்து பைண்டர்கள் இதற்காகத்தான் மயில்துத்தம் கலப்பார்கள். நானும் கொஞ்சம் வாங்கி வந்துவிட்டேன். மனைவி பொட்டலத்தைப் பார்த்தாள். “மாவுக் கையோட புரட்டுற புத்தகத்துல விஷத்தைத் தடவப் போறீங்களா?” பதில் இல்லை. பொட்டலம் மேல் தட்டுக்குப் போனது. மைதாப் பசையின் மிச்சம் குளிர்சாதனப் பெட்டிக்குள்.

கடைசியில் தச்சர்கள் மரத்துக்குப் போடுகிற வெள்ளைப் பசைதான் உதவியது. கிலோ 12 வெள்ளி, பத்தில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு இளக்கினேன். முதுகில் ஒரே ஒரு மெல்லிய பூச்சு. இரண்டு பூசினால் விறைத்துக்கொள்கிறது, அதையும் ஒரு படியில் பார்த்தாகிவிட்டது. தைத்ததைப் பிரித்து மறுபடி தைத்தேன்.

தையல் எனக்குப் பிடித்துப்போன வேலை. ஒட்டுப்பலகைத் துண்டு இரண்டை ‘வி’ வடிவில் சேர்த்து ஒரு தொட்டில் செய்தேன். ஒவ்வொரு தாள் கட்டையும் அதில் விரித்து வைத்துக் குத்தூசியால் மடிப்பில் ஆறு துளை. தாளின் உயரம் 210 மில்லிமீட்டர். துளைகள் 15, 60, 75, 135, 150, 195இல். 60க்கும் 75க்கும் நடுவிலும், 135க்கும் 150க்கும் நடுவிலும் நாடா ஓடும். இதற்கென்று நாடா விற்கிறார்களாம். எனக்குக் கிடைத்தது 15 மில்லிமீட்டர் பாவாடை நாடா, பருத்தி, எட்டு வெள்ளிக்கு 30 புத்தகத்துக்கும் போதியது. நூல் செருப்புத் தைக்கிற கடையில் வாங்கியது. மெழுகுவர்த்தியில் இரண்டு இழுப்பு இழுத்தால் சிக்கல் விழாது. முதல் புத்தகம் தைக்க இரண்டு மணி நேரம் ஆனது, கடைசிப் பத்தும் தலா 35 நிமிடம். இரவு வேலை முடிந்து வந்து தினமும் ஒன்று.

அழுத்த எந்திரம் என்று ஒன்று என்னிடம் இல்லை. இரண்டு பலகைக்கு நடுவில் ஐந்து புத்தகம், மேலே நிறைந்த 14 கிலோ கேஸ் தோங். உருளையின் எடையும் சேர்வதால் நல்ல பாரம். ஒரு ராத்திரி சமையல் நடுவே கேஸ் தீர்ந்துபோய், மாற்றுத் தோங்கை மனைவி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த ஐந்து புத்தகத்தின் அட்டையும் கொஞ்சம் வளைந்துதான் இருக்கும். சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தேன்.

அட்டைக்கு இரண்டு தப்பு. தண்ணீர் பட்டால் துடைக்கலாம் என்று பூப்போட்ட பிளாஸ்டிக் மேசை விரிப்பு வாங்கினேன், ஒன்பது வெள்ளி. வெள்ளைப் பசை அதில் ஒட்டவே இல்லை, காய்ந்ததும் தோல் மாதிரி உரிந்து வந்தது. இரண்டாவது, முதுகுப் பட்டையின் அகலம். 48 இலை, இலைக்கு 0.1 மில்லிமீட்டர், ஆக ஐந்து என்று கணக்குப் போட்டேன். நூலும் நாடாவும் சேர்ந்ததும் ஏழு ஆகிவிடும் என்பதை மறந்தேன், அட்டைகளின் கனத்தையும் சேர்க்க வேண்டும் என்பதை அறவே மறந்தேன். புத்தகம் வாயைத் திறந்துகொண்டே கிடந்தது. ஏழும், இரண்டு அட்டைக்கு நான்கும், ஆக 11 என்று வெட்டியபின் சரியாக மூடியது. அட்டைக்கும் முதுகுக்கும் நடுவே ஏழு மில்லிமீட்டர் இடைவெளி. வெளியே பருத்தித் துணி, அதற்கு மேல் பிள்ளைகள் பள்ளிப் புத்தகத்துக்குப் போடுகிற பிளாஸ்டிக் உறை.

செலவு: தாளும் வெட்டுக் கூலியும் 39, அச்சு 72, அட்டை 54, துணி இரண்டரை மீட்டர் 20, பசை 12, நூல் 6, நாடா 8, ஊசி 3, உறை 15. வீணானது 18 வெள்ளி 60 காசு. மொத்தம் 247.60, ஒரு படிக்கு எட்டேகால் வெள்ளி. சமைத்துப் பார்த்த செலவையும் என் தூக்கத்தையும் சேர்க்கவில்லை.

இனி ஒரு தடவை செய்தால் அட்டையில்தான் முதலில் கை வைப்பேன். அட்டை தாளைவிட மேலும் கீழும் மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அதனால் உயரம் 216, அகலம் 145. ஏ3 அட்டையின் நீளம் 420. 216 இரண்டு என்றால் 432. 12 மில்லிமீட்டர் பற்றாமல் ஒரு ஏ3க்கு இரண்டே துண்டு கிடைத்தது, பாதி அட்டை வீண். தைத்த பிறகு தாளை மேலும் கீழும் மூன்று மில்லிமீட்டர் சீவி 204 ஆக்கியிருந்தால் அட்டை 210 போதும், ஒரு ஏ3இல் நான்கு துண்டு. 27 வெள்ளி மிச்சம், ஓரமும் சீராக இருந்திருக்கும். இது 30 புத்தகமும் முடிந்த மறுநாள் குளிக்கும்போது தோன்றியது. இன்னொன்று, விற்பனைக்கு என்று போட்டால் தேசிய நூலகத்தில் ஐஎஸ்பிஎன் என்ற புத்தக எண் வாங்கிக்கொள்வது நல்லது, 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து படி அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அதையும் கணக்கில் வைத்தே எண்ணிக்கையை முடிவு செய்வேன். இப்போதைக்கு எல்லாமே சொந்தபந்தத்துக்கும் பழைய லயத்து ஆட்களுக்கும்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூடாமல் கிடந்த பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். நெத்திலி 100 கிராம், காய்ந்த மிளகாய் 15, வெங்காயம், பெலாச்சான் என்ற இறால் விழுது, புளி. மறுபடி மேலே போய்ப் படித்தார்.

“உப்பு எங்கடா?”

“நெத்திலியிலேயே உப்பு இருக்கே அத்தை, அதான் போடல.”

“அதுல இருக்கறதுனாலதான் எவ்ளோன்னு எழுதணும். கழுவிட்டுப் போடறவளும் இருக்கா, கழுவாம போடறவளும் இருக்கா.”

நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். கழுவினால் அரைத் தேக்கரண்டி, கழுவாவிட்டால் சிட்டிகை என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறது. நாங்கள் பேனாவால் எழுதியதை மட்டும் தட்டச்சு செய்திருக்கிறோம். அன்றைக்கு மாலை ஒரே ஒரு ஏ4 தாளில் அந்த வரியை 30 முறை அச்சடித்து, நாலு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கினேன். மைதாப் பசை கொஞ்சம் புதிதாகக் காய்ச்சிக்கொண்டேன். 18 புத்தகம் வீட்டில் இருந்தது, ஒட்டியாகிவிட்டது. மற்ற 12ஐயும் கொடுத்துவிட்டேன். இந்த வாரம் மோட்டார் சைக்கிளில் பசை டப்பாவோடு சுற்றுகிறேன், இதுவரை ஏழு வீடு ஆச்சு.